கல்லமுதுக்கு ஒரு சமையல் வேண்டும்

நீங்கள் எழுதும் ஃபேன்டஸி நாவலில், புல்கூட முளைக்காத ஒரு மலைத்தொடரில் ஒரு குலம் வாழ்கிறது. பாறையிலிருந்து வெட்டியெடுக்கும் ‘கல்லமுது’ என்ற நீலக் கனிமம்தான் அவர்களுக்கு ஒரே ஆகாரம். ஒரு சிட்டிகை தின்றால் ஒரு வாரம் பசிக்காது. படித்துப் பார்த்த நண்பர் நம்ப முடியவில்லை என்று சொல்லிவிட்டார், இதை எப்படி நம்பும்படி ஆக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கல்லூரியில் பல ஆண்டு ஜியாலஜி நடத்தியவன் நான். கல்லை நாக்கில் வைத்துப் பார்ப்பது எங்கள் துறையில் சாதாரணம். முதலாண்டு மாணவர்களிடம் இந்துப்புக் கட்டியைக் கொடுத்து நக்கிப் பார்க்கச் சொல்வோம். அடுத்ததாக சில்வைட் என்ற பொட்டாசியம் உப்பைக் கொடுத்தால், பார்க்க அதே மாதிரி இருக்கும், நாக்கில் பட்டதும் கசப்பு ஏறும். படிகாரம் வாயைச் சுருக்கிவிடும். காய்ந்த கயோலின் களிமண்ணுக்கு ருசி என்று எதுவும் கிடையாது, ஆனால் நாக்கில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். உங்கள் கல்லமுது நாக்கில் என்ன செய்கிறது? நீங்கள் பகிர்ந்த அத்தியாயத்தில் அது மின்னுகிறது, ஒளிர்கிறது, இருட்டில் வழிகாட்டுகிறது. யாருடைய பல்லிலும் அது படவில்லை.

முதலில் அந்தச் சிட்டிகைக் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 2,000 கிலோகலோரி என்று வைத்தால் வாரத்துக்கு 14,000. சிட்டிகை என்பது ஒரு கிராம்கூட இருக்காது. நாம் தின்பவற்றில் மிக அடர்த்தியான நெய்யிலேயே கிராமுக்கு 9 கிலோகலோரிதான். அரிசி மாவுச்சத்தில் 4. கல் என்றால் நிலைமை இன்னும் மோசம். பூமியின் பாறைகளில் பெரும்பகுதி ஏற்கெனவே எரிந்து முடிந்த பொருள். சிலிக்கானும் அலுமினியமும் ஆக்சிஜனோடு சேர்ந்து அடங்கிவிட்டவை. சாம்பலை மறுபடி அடுப்பில் வைத்து எரிக்க முடியாதல்லவா, அதுபோலத்தான். எரியக்கூடிய கனிமங்களும் சில உண்டு. கந்தகம் எரிந்தால் கிராமுக்குச் சுமார் 2.2 கிலோகலோரி தரும். அதைச் செரிக்கும் வயிறு ஒன்று இருந்தாலும், ஒரு ஆள் தினமும் 900 கிராம் கந்தகம் தின்றாக வேண்டும். மண்ணெண்ணெய் வம்சத்தைச் சேர்ந்த நிலமெழுகு என்று ஒன்றும் இருக்கிறது. இன்றைய உக்ரைனில் உள்ள போரிஸ்லாவில் 19-ஆம் நூற்றாண்டில் அதைச் சுரங்கம் வைத்து எடுத்து மெழுகுவர்த்தி செய்தார்கள். கொழுப்பு போலத் தோன்றினாலும் நம் குடல் அதைத் தொடாது. உள்ளே போனபடியே வெளியே வந்துவிடும்.

மாயம் என்று சொல்லி இதையெல்லாம் தாண்டிவிடலாம், உங்கள் உலகம் உங்களுடையது. ஆனால் உங்கள் நண்பருக்கு உறுத்தியது கலோரிக் கணக்கு என்று எனக்குத் தோன்றவில்லை. பறக்கும் மலையை ஏற்றுக்கொண்டவருக்குப் பசி தீர்க்கும் கல்லை ஏற்றுக்கொள்ள என்ன தடை? உங்கள் மக்கள் அந்தக் கல்லைப் பாறையிலிருந்து உடைத்து நேராக வாயில் போட்டுக்கொள்கிறார்கள். அதற்குச் சமையல் இல்லை, பக்குவம் இல்லை, கெட்டுப்போன கதை இல்லை, அதைச் சரியாகச் செய்யத் தெரிந்த பாட்டி இல்லை. மனிதர் கல்லைத் தின்ற இடங்களையெல்லாம் எடுத்துப் பார்த்தால், வெறும் கல்லை யாரும் தின்று வாழ்ந்ததில்லை. கையில் ஒரு வித்தை இருந்திருக்கிறது. வித்தை இல்லாமல் தின்றவர்கள் செத்திருக்கிறார்கள்.

நல்ல உதாரணம் ஆண்டீஸ் மலை. அங்கே விளையும் சிலவகை உருளைக்கிழங்குகள் கசக்கும், கசப்புக்குக் காரணமான பொருள் நஞ்சும்கூட. அய்மாரா மக்கள் ஒருவகைக் களிமண்ணைக் குழம்பு மாதிரிக் கரைத்து, வெந்த கிழங்கை அதில் தோய்த்துத் தின்பார்கள். களிமண் நஞ்சைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, குடல் அதை உறிஞ்சுவதில்லை. கலிபோர்னியாவின் போமோ மக்கள் ஓக் மரக்கொட்டை மாவில் செம்மண் சேர்த்து ரொட்டி சுட்டார்கள். அவர்களோடு எந்தத் தொடர்பும் இல்லாத, மத்தியதரைக் கடலில் கிடக்கும் சார்டினியாத் தீவிலும் அதே ஓக் கொட்டை, அதே களிமண், அதே ரொட்டி. துவர்ப்பு நீங்க இரு கடல்களுக்கு அப்பாலிருந்த இரு கூட்டத்தாரும் ஒரே வழியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இரானின் ஹோர்முஸ் தீவில் இன்றும் சிவப்பு மண்ணை மீனோடு சேர்த்து ஊறவைத்து ‘சூராக்’ என்று தொட்டுக்கொள்கிறார்கள். நம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு எந்த வேலையைச் செய்கிறதோ, ஏறக்குறைய அந்த வேலை: தான் உணவாக இராமல், உணவை மாற்றுகிற வேலை.

இதற்கு மறுபக்கம், வயிற்றை நிரப்புவதற்காகவே மண் தின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பஞ்சங்களில் சுவீடனின் வடபகுதியில் ‘மலைமாவு’ என்று ஒன்றைத் தானிய மாவோடு கலந்து ரொட்டி செய்தார்கள். நுண்ணிய நீர்ப்பாசிகளின் ஓடுகள் ஏரிக்கடியில் படிந்து உண்டான வெள்ளைப் பொடி அது, பார்வைக்கு அசல் மைதா. சீனாவில் அதே மாதிரி வெள்ளைக் களிமண்ணுக்குக் கருணைத் தெய்வமான குவான்யினின் பெயர். 1959 முதல் 1961 வரை நடந்த பெரும் பஞ்சத்திலும் அதைத் தின்றார்கள். பசி அடங்கும், வயிறு நிறையும். பிறகு களி குடலில் இறுகி வெளியேற வழியில்லாமல் வயிறு வீங்கிச் சாவார்கள். இரக்கம் காட்ட வேண்டிய தெய்வத்தின் பெயரை ஏன் அந்த மண்ணுக்கு வைத்தார்கள் என்று யோசித்தால் எனக்கு நெஞ்சடைக்கிறது. உங்கள் நாவலில் கல்லமுதுக்கு ஒரு போலி இருக்கட்டும். நிறம் அதே, வழவழப்பு அதே, வயிற்றையும் நிரப்பும், ஆனால் கொல்லும். அந்தப் போலிக்கு உங்கள் மக்கள் ஒரு தெய்வத்தின் பெயரை வைத்திருக்கட்டும். எதற்காக என்று விளக்க வேண்டாம்.

நான் மிகவும் மதிக்கும் கதை மக்காச்சோளத்தினுடையது. மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சோளத்தைச் சுண்ணாம்பு நீரிலோ சாம்பல் நீரிலோ வேகவைத்து, ஊறவிட்டு, தோல் கழித்து, பிறகுதான் அரைப்பார்கள். தோல் எளிதாகக் கழலும், மாவு நன்றாகப் பிசையவரும் என்பதுதான் கண்ணுக்குத் தெரிந்த காரணம். தெரியாத காரணம், சோளத்தில் சிக்கிக் கிடக்கும் நியாசின் என்ற வைட்டமினைச் சுண்ணாம்பு விடுவிக்கிறது. சோளம் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனது, சுண்ணாம்புப் பக்குவம் கூடப் போகவில்லை. ஏழைகள் சோளத்தையே மூன்று வேளையும் தின்ற ஊர்களில் ஒரு நோய் கிளம்பியது. 1735-இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் காஸ்பார் கசால் என்ற மருத்துவர் அதைக் கண்டு எழுதிவைத்தார். தோல் வெடித்து உரியும், வயிற்றோட்டம் நிற்காது, புத்தி பேதலிக்கும், முடிவில் சாவு. இத்தாலியர்கள் அதற்குப் பெலாக்ரா என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்கத் தென்மாநிலங்களில் இருபதாம் நூற்றாண்டிலும் அது கூட்டம் கூட்டமாக மக்களைக் கொன்றது. தொற்றுநோய் என்று பலரும் அடித்துச் சொன்னபோது, 1914 முதல் ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற அமெரிக்க மருத்துவர் இது உணவுக் குறை என்று காட்டிக்கொண்டே வந்தார். நியாசின்தான் மருந்து என்பது தெளிவாக 1937 ஆனது. ஒரு பிடி சுண்ணாம்பும் அதைப் போடத் தெரிந்த ஒரு பெண்ணும் அந்தக் கப்பலில் சேர்ந்து போயிருந்தால் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இதை அப்படியே உங்கள் உலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்பதுதான் என் யோசனை. கல்லமுதை நேராகத் தின்ன முடியாததாக ஆக்கிவிடுங்கள். பாறையைச் செரிக்கும் வேலையை மனித வயிற்றிடம் கொடுக்காமல் வேறொரு உயிரிடம் கொடுங்கள். இயற்கையில் அப்படிப்பட்ட உயிர்கள் உண்டு. 1977-இல் கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளைப் பார்க்கப் போனவர்கள் வாயும் குடலும் இல்லாத பெரும் குழாய்ப் புழுக்களைக் கண்டார்கள். அவற்றின் உடலுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் ஊற்றிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடிலிருந்து சக்தி எடுத்துப் புழுவுக்கும் படியளக்கின்றன. 1986-இல் ருமேனியாவில் கருங்கடல் ஓரம் மொவிலே என்ற குகை திறந்தது. வெளியுலகத்தோடு தொடர்பறுந்து பல லட்சம் ஆண்டுகள் மூடிக்கிடந்த குகை. உள்ளே சூரிய ஒளி இல்லை, நீரில் கந்தக வாடை, நீர்ப்பரப்பின் மேல் பாக்டீரியாக்கள் ஓர் ஏடாகப் படர்ந்து மிதக்கின்றன. அந்த ஏட்டைத் தின்று சிறு பூச்சிகளும் நத்தைகளும், அவற்றைத் தின்று மற்றவையும் வாழ்கின்றன.

ஏடு என்றதும் எனக்குப் பால் நினைவு வந்தது. பிறகு தயிர்.

கல்லமுதை மாவாக இடித்து, நீரில் கரைத்து, இருட்டறையில் பெரிய கற்சாடிகளில் ஊற்றிவைக்கிறார்கள். முந்தைய சாடியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து உறை ஊற்றுகிறார்கள். ஒன்பது நாளோ பத்து நாளோ கழித்து மேலே தடித்த ஏடு கட்டுகிறது. அதை வழித்து, வாட்டி, தின்கிறார்கள். அடியில் தங்கும் புளித்த நீர் துணியை அரிக்கும், அதைத் தனி வாய்க்காலில் விடுகிறார்கள். கந்தகம் தின்னும் பாக்டீரியா கழிப்பது கந்தக அமிலம், ஆகவே இதில் மிகை எதுவும் இல்லை. இப்போது உங்கள் மக்களுக்கு உணவு என்பது கல்லும் உறையும் சேர்ந்தது. கல் மலையில் இருக்கிறது. உறை வீட்டில் இருக்கிறது, தாயிடமிருந்து மகளுக்கு வருகிறது. கல்யாணமாகிப் போகிறவள் மடியில் ஒரு சிறு குப்பியில் உறை கொண்டுபோகிறாள். ஒரு வீட்டில் உறை செத்துவிட்டால் அடுத்த வீட்டில் கேட்டு வாங்க வேண்டும். மனத்தாங்கல் உள்ள வீடாக இருந்தால்? நம் ஊரில் விளக்கு வைத்த பிறகு தயிரும் உப்பும் கடன் கொடுக்கத் தயங்குகிறவர்கள் இன்றும் உண்டு. அந்தத் தயக்கத்துக்கு உங்கள் மலையில் உயிர் போகிற விலை இருக்கும்.

சமவெளி அரசன் படையெடுத்துவந்து சுரங்கத்தைப் பிடிக்கிறான் என்று உங்கள் கதையில் வருகிறதல்லவா? பிடிக்கட்டும். வண்டி வண்டியாகக் கல்லை ஊருக்கு ஏற்றிப்போகட்டும். அவன் வீரர்கள் அதை உடைத்துத் தின்று வயிறு வீங்கிச் சாகட்டும். மக்காச்சோளக் கப்பலின் கதை வேறு வேடத்தில் திரும்பிவரும். இப்போது உங்கள் கதாநாயகியின் மடியில் இருக்கும் குப்பி, அரண்மனைக் கருவூலத்தைவிடப் பெரியதாகிவிடும்.

கனிம உணவு என்பதில் இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுதாமல் விட்டால் உங்கள் உலகம் நம் வயற்காட்டுக்குக் கல்வேடம் போட்டதாக மட்டுமே நின்றுவிடும். நெல் திரும்ப விளையும், கல் விளையாது. விதைநெல் என்று எடுத்துவைக்க ஒன்றும் இல்லாத சமூகம் அது. அறுவடைத் திருநாள் இல்லை, பருவமழைக்காகக் காத்திருப்பது இல்லை, உழைத்தால் கூடுதலாக விளையும் என்ற நம்பிக்கையும் இல்லை. அதிகம் உழைத்தால் சீக்கிரம் தீரும். தாத்தா வெட்டிய இடத்துக்கு அப்பால் அப்பா, அதற்கும் அப்பால் மகன் என்று ஒவ்வொரு தலைமுறையும் மலைக்குள் இன்னும் கொஞ்சம் தூரம் நடந்து போகிறது. வயதை எப்படிச் சொல்வார்கள்? ‘எனக்கு நாற்பது வயது’ என்பதற்குப் பதிலாக ‘நான் பிறந்தபோது சுவர் கிணற்றுக்கு இந்தப் பக்கம் இருந்தது’ என்று சொல்லலாம். பிள்ளை பெறுவது அவர்களுக்கு என்னவாக இருக்கும்? நமக்குப் புதிய கை, அவர்களுக்குப் புதிய வாய். இந்த இடத்தில் நீங்கள் நிதானமாக நின்று எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நாவலின் துயரம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

வெட்டுகிறவன் வேறு, தின்கிறவன் வேறு என்றும் ஆகலாம். சகாராவில் தகாசா என்ற உப்பு ஊருக்கு 1352-இல் இப்னு பதூதா என்ற மொராக்கோப் பயணி போனார். உப்புப் பாளங்களால் கட்டிய வீடுகள், உப்பாலேயே பள்ளிவாசல், கூரை ஒட்டகத்தோல். மரம் ஒன்றுகூட இல்லை. உப்பு வெட்டும் அடிமைகள்தான் அங்கே குடியிருந்தார்கள். அவர்கள் தின்ற பேரீச்சையும் தினையும் வெகுதூரத்திலிருந்து வந்தவை. உலகத்துக்கே ருசி அனுப்பும் ஊரில் குடிக்கிற தண்ணீர் உவர்ப்பு. கல்லமுது வெளியூருக்கு விலைபோகத் தொடங்கினால் உங்கள் மலையும் தகாசா ஆகிவிடக்கூடும்.

விலைபோகும் மண்ணுக்கு முத்திரையும் வரும். கிரேக்கத்தின் லெம்னோஸ் தீவில் ஒரு மருந்து மண் இருந்தது. இரண்டாம் நூற்றாண்டில் காலென் என்ற மருத்துவர் அதைப் பார்க்கவே தீவுக்குப் போனார். அதை வில்லையாகச் செய்து முத்திரை குத்தி விற்றார்கள், விஷமுறிவு என்று நம்பி ஐரோப்பா முழுவதும் வாங்கியது. பிற்காலத்தில் ஆண்டுக்கு ஒரே ஒரு நாள், சடங்கோடு, தோண்டுவார்கள். அரிதாக வைத்திருப்பதற்குச் சடங்கைப் போல் பூட்டு வேறு இல்லை.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. தினமும் தின்பதை யாரும் அமுது என்று கூப்பிடமாட்டார்கள். அமுது என்பது வெளியிலிருந்து பார்க்கிறவன் வைத்த பெயர், சமவெளி வியாபாரியின் பெயராக அதை வைத்துக்கொள்ளுங்கள். மலையில் அது வெறும் ‘ஏடு’. கல்லுக்கு ‘நீலம்’ என்றோ ‘அம்மா’ என்றோ இருக்கலாம்.

பேச்சையும் மாற்ற வேண்டும். நம் மொழியில் சோற்றில் மண்ணைப் போடுவது பிழைப்பைக் கெடுப்பது, வாயில் மண் விழுவது சாபம், மண்ணாங்கட்டி என்றால் ஒன்றுக்கும் உதவாதது. மண்ணைத் தின்று வாழும் மக்களிடம் இந்த வசவுகள் எல்லாம் வாழ்த்தாகிவிடும். ‘உன் வாயில் மண் விழட்டும்’ என்று ஒரு கிழவி பேரனின் தலையில் கைவைத்துச் சொல்வதை வாசகர் முதலில் அதிர்ந்து படிப்பார், ஐந்தாவது அத்தியாயத்தில் அதே வரிக்குக் கண் கலங்குவார். நமக்கும் ஒரு கனிமம் இப்படி மொழிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்கிறோம், புதுவீட்டுக்கு முதலில் உப்பு எடுத்துப் போகிறோம். நாம் நாள்தோறும் தெரிந்தே தின்னும் கல் அது ஒன்றுதான்.

மண் தின்னும் ஆசையும் நமக்குப் புதிதில்லை. சிலேட்டுக் குச்சியைக் கடித்த பிள்ளைகளும், சாம்பலையும் அடுப்பு மண்ணையும் ஒளித்துத் தின்ற கர்ப்பிணிகளும் எல்லாக் குடும்பத்துக் கதையிலும் உண்டு. ரத்தசோகை உள்ளவர்களுக்கு இந்த ஏக்கம் அதிகம் என்பது மருத்துவர்களுக்குத் தெரியும். புறநானூற்றின் 20-ஆம் பாட்டில் குறுங்கோழியூர் கிழார் சேரமன்னனைப் புகழும்போது, உன் நாட்டு மண்ணை மசக்கைப் பெண்கள் ஆசைப்பட்டு உண்பார்களே தவிரப் பகைவர் உண்ணமுடியாது என்கிறார். மண்ணை உண்பது என்றால் நாட்டைப் பறிப்பது என்றும் அங்கே பொருள். படையெடுப்பும் கர்ப்பமும் சுரங்கமும் உள்ள உங்கள் கதைக்கு இதைவிடப் பொருத்தமான இரட்டைப் பொருள் வேறெங்கே கிடைக்கும்?

உடம்பையும் மறக்காதீர்கள். பண்டைய எகிப்தியரின் மம்மிகளில் பற்கள் தேய்ந்து மழுங்கியிருக்கின்றன, ரொட்டியில் கலந்த மணலும் திரிகைப் பொடியும் செய்த வேலை. உங்கள் மலையில் முப்பது வயதுக்காரனின் பல்லைப் பார்த்தாலே அவன் எந்தச் சுரங்கத்து ஏடு தின்கிறான் என்று தெரிய வேண்டும். இடிக்கும் பெண்களுக்கு நெஞ்சில் தூசி கட்டி இருமல் வரும். காட்டு விலங்கு ஒன்றும் தேவை. கென்யாவின் எல்கான் மலையில் ‘கிட்டும்’ என்ற பெயருள்ள குகைக்குள் யானைகள் இருட்டில் தடவிக்கொண்டு போய், தந்தத்தால் சுவரைப் பெயர்த்து உப்பைத் தின்கின்றன. பிலிப்பைன்ஸின் போஹோல் தீவில் அபடான் ஆற்றில் ஒரு கிளிஞ்சல் இனம் சுண்ணாம்புப் பாறையைத் துளைத்து விழுங்கி மணலாகக் கழிக்கிறது. 2019-இல்தான் அறிவியல் அதற்குப் பெயர் வைத்தது. உங்கள் குலத்தின் முன்னோர் இந்த உணவைத் தாமாகக் கண்டுபிடித்திருக்க வேண்டியதில்லை, ஒரு விலங்கின் பின்னால் போயிருக்கலாம்.

ஒளிர்வதை எடுத்துவிடுங்கள். நீலமும் அவ்வளவு நீலமாக வேண்டாம், ஈரம் பட்டால் மட்டும் லேசாகத் தெரிந்தால் போதும். நாக்கில் வைத்தால் கயோலின் மாதிரி ஒட்டிக்கொள்ளட்டும். நல்ல கல் ஒட்டும், வெறும் பாறை ஒட்டாது. அப்படியானால் சுரங்கத்தில் புதுச்சுவரை முதலில் சோதிப்பது கண் அல்ல, நாக்கு. அந்த வேலைக்கென்று ஊரில் ஒரு கிழவி இருப்பாள். பல்லெல்லாம் போய், நாக்கு மட்டும் கூர்மையாக இருப்பவள். நீங்கள் மூன்றாம் அத்தியாயத்தில் வைத்திருக்கும் நீண்ட வரலாற்று விளக்கத்தைத் தூக்கிவிட்டு அவளை அங்கே கொண்டுவாருங்கள். ஊர் முழுக்கப் பந்தத்தோடு பின்னால் நிற்கட்டும். அவள் சுவரில் நாக்கை வைக்கிறாள், எடுக்கிறாள், ஓரடி தள்ளி மறுபடி வைக்கிறாள். எங்கும் ஒட்டவில்லை. திரும்பி நிற்கும்போது அவள் என்ன சொல்கிறாள் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும்.